ஒடி... இன்னும் கொஞ்சம் ஒடி!

எங்கள் வீட்டு வாசலில் கோலத்துக்குக் காவி இடுவது மார்கழியில் மட்டும்தான். அது ஆவணி மாதம். விடியற்காலை வாசல் தெளிக்கப் போன என் மனைவி, முந்தின நாள் கோலத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாகக் கரை ஓடியிருப்பதைப் பார்த்து, நான்தான் ராத்திரியில் எழுந்து காவி இட்டிருக்கிறேனோ என்று ஒரு கணம் நினைத்தாளாம். இருபத்திரண்டு வருட இல்லறத்தில் என்னைப் பற்றி அவள் அவ்வளவு உயர்வாக நினைத்தது அந்த ஒரு கணம்தான். அதுவும் விரலால் தொட்டு மோந்து பார்க்கிற வரைக்கும்.

"ஏனுங்க, உங்க வண்டிக்கு ரத்தம் வருது. வந்து பாருங்க."

வண்டி நன்றாக ஓடும் நாளில் அது 'நம்ம வண்டி'. மக்கர் செய்தால் 'உங்க வண்டி'. பிள்ளைகளின் ரேங்க் கார்டிலும் இதே இலக்கணம்தான் எங்கள் வீட்டில்.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. 2004 மாடல். பெயரைச் சொன்னால் அதே வண்டியை வைத்து நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். செய்தவர்களோ, 'இருபது வருசம் ஓட்டிவிட்டு இப்போது என்ன பேச்சு?' என்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் தரப்பில்தான் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

சிங்காநல்லூரில் எனக்கு வழக்கமாக ஒரு மெக்கானிக் உண்டு. டாக்டரிடம் போனால்கூட நான் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பேன், இவரிடம் கேட்பதில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தவர், டார்ச்சை எடுக்காமலே ஏதோ சொன்னார். 'போச்சு' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ரேக் சீல் போச்சுங்க சார். சீல் மட்டும் மாத்தலாம், ஆனா ரேக் தண்டுலயே கீறல் விழுந்திருக்கு. மறுபடி ஆறு மாசத்துல ஒழுகும். ரேக்கே மாத்திப்போடறதுதான் நல்லதுங்க. லேபரோட 28,000 ஆகும்."

அந்த வண்டியை விற்கப் போனால் 75,000 கேட்பார்கள். கேட்கிறவர் அன்று நல்ல மூடில் இருந்தால். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலவழித்து ஸ்டியரிங்கைச் சரிசெய்வது என்பது, வாடகை வீட்டுக்கு கிரானைட் போடுவது மாதிரி. நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். இப்படிப்பட்ட செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றே எனக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு மாதம் ஆயில் ஊற்றியே ஓட்டினேன். எல்லோரும் பெட்ரோலுக்கு மைலேஜ் பார்ப்பார்கள். நான் பவர் ஸ்டியரிங் ஆயிலுக்குப் பார்த்தேன். முதல் வாரம் ஒரு பாட்டிலுக்கு 300 கிலோமீட்டர் கொடுத்தது. ஆறாவது வாரம் 90. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் சிவப்பு ஆயில் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். ஒரு நாள் போலீஸ் சோதனையில் டிக்கியைத் திறக்கச் சொன்ன ஏட்டு, "இது என்னங்க, நன்னாரி சர்பத்தா?" என்று கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து படித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது: உலகத்தில் சில பேர் பவர் ஸ்டியரிங்கை வேண்டுமென்றே கழற்றிப்போடுகிறார்கள்! ஒழுகுவதால் அல்ல. ரசனையால். ரோடு ஃபீல் கிடைக்கிறதாம். டயருக்கும் விரலுக்கும் நடுவில் ஆயில் நின்று தரகு வேலை பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். 1996இல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் எலீஸ் என்ற காரில் பவர் ஸ்டியரிங்கே வைக்கவில்லை. வாங்கினவர்கள் அதற்காகவே அந்தக் காரைக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிற இண்டிகார் பந்தயக் கார்களிலும் இன்றுவரை அது கிடையாது. ஓட்டுகிறவர்கள் தோளையும் கழுத்தையும் ஜிம்மில் வளர்த்துக்கொண்டு வருகிறார்கள்.

கஞ்சனுக்கு ஒரு தத்துவம் கிடைத்துவிட்டால் பிறகு அவனைப் பிடிக்க முடியாது. 28,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் படுத்தவன், ரோட்டோடு நேரடித் தொடர்பு வேண்டும் என்று எழுந்தேன். அதுவும் நான் கோயம்புத்தூர்க்காரன். மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று பந்தயக் கார் செய்து, பல இளைஞர்களைப் பந்தயத்துக்கு இழுத்துவந்த கரிவர்தன் எங்கள் ஊர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர். இந்த வரிசையில் மூன்றாவதாக யார் என்று ஊரே காத்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போய், லோட்டஸ் எலீஸ் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றே கேள்வி கேட்டார்.

"அந்த வண்டி என்ன வெயிட்டுங்க?"

"முதல் மாடல் 725 கிலோ."

"என்ஜின் எங்கீங்க இருக்கு?"

"பின்னாடி. சீட்டுக்குப் பின்னாடி."

"நம்ம வண்டிக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வண்டியின் முன்பக்கம் திறந்தே இருந்தது. என்ஜின், கியர்பாக்ஸ், பேட்டரி, ரேடியேட்டர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் முன் டயர் இரண்டின் மேல், குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரன் தலையில் ஏறி உட்கார்ந்த சொந்தபந்தம் போல உட்கார்ந்திருந்தன.

"கழட்டறது பெரிய வேலை இல்லீங்க. ஓட்டறதுதான்" என்றார்.

இந்த இடத்தில் பவர் ஸ்டியரிங் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் இது அதைக் கழற்றின பிறகுதான் தெரியும். என்ஜினோடு சேர்ந்து ஒரு பெல்ட்டில் சுற்றும் பம்ப் ஒன்று இருக்கிறது. அது ஆயிலை அழுத்திக்கொடுக்கும். சாதாரணச் சின்னக் காரிலேயே இந்த அழுத்தம் 60 பாருக்கு மேல் போகும். நாம் டயருக்குப் பிடிக்கிற காற்று இரண்டு பார்தான். ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில் பென்சில் தடிமனுக்கு ஒரு முறுக்குக் கம்பி. நாம் வளையத்தைத் திருப்பும்போது, டயர் முரண்டு பிடித்தால், இந்தக் கம்பி லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலில் ஒரு வால்வு திறந்து, எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் ஆயில் போய், டயரைத் திருப்புகிற ரேக்கைத் தள்ளும். அதாவது, நாம் தள்ளுவதில்லை. 'தள்ளலாமா' என்று ஜாடை காட்டுகிறோம். தள்ளுவது ஆயில். இத்தனை வருடம் நான் கார் ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஜாடைதான்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கர். 1926இல் தன்னுடைய பியர்ஸ் ஆரோ காரில் பூட்டி ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துபோனார்கள். யாரும் காரில் வைக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டுவிட்டு, 1934இல் செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டது. (கணக்கெழுதுகிறவன் அங்கேயும் ஒருவன் இருந்திருக்கிறான் பாருங்கள்.) பிறகு உலகப் போர் வந்தது. கவச வண்டிகளின் கனத்தைக் கையால் திருப்ப முடியாமல் திணறியபோதுதான் டேவிஸின் ஞாபகம் வந்தது. கடைசியில் 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் அது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. ஆக, மனிதகுலம் இருபத்தைந்து வருடம் யோசித்து மாட்டினதை நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கழற்றுவதென்று முடிவு செய்தேன்.

"முதல்ல பெல்ட்ட மட்டும் எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க சார். புடிச்சா மத்தத யோசிக்கலாம்" என்றார் மெக்கானிக். எங்கள் வண்டியில் அந்த பம்புக்குத் தனி பெல்ட். சில வண்டிகளில் ஏசிக்கும் அதற்கும் ஒரே பெல்ட் ஓடும். கழற்றினால் ஏசியும் போய்விடும். என் அதிர்ஷ்டம், வியர்த்து விறுவிறுக்க ஓட்டினாலும் குளிர்ச்சியாக ஓட்டலாம்.

பெல்ட்டைக் கழற்ற ஏழு நிமிடம். கூலி வேண்டாம் என்றுவிட்டார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து ரோட்டுக்கு வர இடதுபக்கம் ஒரு திருப்பம். வளையத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தேன். வளையம் அப்படியே இருந்தது. நான்தான் சீட்டிலிருந்து எழுந்து வளையத்தை நோக்கிப் போனேன். பட்டறைப் பையன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை பல்லைக் கடித்து இழுத்ததில் சட்டையின் அக்குள் தையல் 'டர்ர்' என்றது. வண்டி திரும்பியது.

பவர் இல்லாத ஸ்டியரிங் வேறு. பவர் செத்த ஸ்டியரிங் வேறு. இது அன்று எனக்கு யாரும் சொல்லாத பாடம். பவரே இல்லாமல் செய்த வண்டியில் பல்சக்கர விகிதத்தையே கைக்குத் தோதாக வைத்திருப்பார்கள். நாலு சுற்றுச் சுற்ற வேண்டும், ஆனால் லேசாகச் சுற்றலாம். பவர் வண்டியில் மூன்று சுற்றுதான், ஏனென்றால் பாரத்தை ஆயில் பார்த்துக்கொள்ளும். இப்போது ஆயில் வேலைநிறுத்தம் செய்கிறது. செய்வதோடு நில்லாமல் ரேக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் டயரைத் திருப்புவது மட்டுமல்ல, அந்த ஆயிலையும் ஊசித்துளை மாதிரி வழிகளில் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கையால் தள்ளவேண்டும். உதவ வந்த ஆள் மயங்கி விழுந்து, அவரையும் சேர்த்து நாமே தூக்கிக்கொண்டு போகிற கதை.

இதில் ஊர் வேறு என்னைப் பழிவாங்கியது. நான் பவர் ஸ்டியரிங்கைக் கழற்றுவதற்குச் சற்று முன்னால்தான் கோயம்புத்தூரில் பல இடங்களில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் வலதுபக்கம் போகவேண்டிய ஒவ்வொரு ஆளும் இடதுபக்கம் போய், கொஞ்ச தூரத்தில் அரை வட்டம் அடித்துத் திரும்ப வேண்டும். சிங்காநல்லூரிலிருந்து வீட்டுக்கு எனக்கு மூன்று யூ டர்ன். முதலாவதில் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இரண்டாவதில் அடிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்து நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணா, ஆஸ்பத்திரி போலாமுங்களா?" என்று கேட்டார். மூன்றாவதில் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல், நடுரோட்டில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் வந்து, மறுபடி ரிவர்ஸ் எடுத்து... அவிநாசி சாலைப் போக்குவரத்துக்கு நான் செய்த அந்தச் சேவையை யாரும் படம் எடுக்காமல் இருந்தால் சரி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினபோது இரண்டு கையும் தானாக ஆடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேஜையில் ரசத்தைக் கரண்டியோடு தூக்கினேன். பாதி வழியிலேயே சிந்திப்போயிற்று. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த ஊருல ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வச்சு, அதுக்கு கவர்மென்ட்டுல முத்திரையே குடுத்திருக்காங்க. எங்கம்மாவும் நானும் கையால ஆட்டுன கை. நீங்க என்னன்னா ஓடற வண்டியிலிருந்து மோட்டாரைக் கழட்டிட்டு வந்து நிக்கறீங்க."

அவள் சொன்னது வெட் கிரைண்டருக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டை. எங்கள் ஊரின் பெருமைகளில் எதை எடுத்துக்கொள்வது என்பதில் எனக்கும் அவளுக்கும் கருத்து வேறுபாடு. நான் ரேஸ் டிராக், அவள் கிரைண்டர். நேர்மையாகச் சொன்னால், இந்த ஊரில் ரேஸ் டிராக்கால் நிம்மதியடைந்த தோள்களைவிட கிரைண்டரால் நிம்மதியடைந்தவை அதிகம். ஆனால் அன்று அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. "ரோடு ஃபீல்" என்றேன்.

"என்ன ஃபீல்?"

"ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லும் கையில தெரியும்."

"எதுக்குத் தெரியணும்?"

இந்தக் கேள்விக்கு லோட்டஸ் கம்பெனியும் பதில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக்கிடம் போய், இதை முறைப்படி செய்வோம் என்றேன். முறைப்படி செய்வதற்கு இரண்டு வழி. ஒன்று, இருக்கிற ரேக்கைப் பிரித்து, உள்ளே ஆயிலைத் தடுக்கிற பிஸ்டன் சீலை எடுத்துவிட்டு, நான் முன்பு சொன்ன முறுக்குக் கம்பி ஆடாதபடி வெல்டிங் வைத்து, ஆயில் ஓடிய இடத்தில் கிரீஸ் அடைத்து மூடுவது. வெல்டிங் வைக்காமல் விட்டால், கம்பி முறுக்கி முடியும்வரை வளையம் சும்மா ஆடும். வெளிநாட்டில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். "ரெண்டாயிரத்துல முடிஞ்சிரும் இல்ல?" என்றேன் ஆவலாக.

அவர் சிரிக்கவில்லை. "சார், வேற எதுல வேணா வெல்டிங் வைப்பேன். ஸ்டியரிங்ல வைக்க மாட்டேன். அது விட்டுப்போச்சுன்னா, அப்புறம் வண்டி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் நாமளும் போகோணும்."

பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் எனக்கு ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்முறை. நான் பேசாமல் இரண்டாவது வழிக்கு வந்தேன்.

அதே வண்டியில் ஆரம்ப விலை மாடல் ஒன்று இருந்தது. பவர் ஸ்டியரிங் இல்லாமல், பவர் விண்டோ இல்லாமல், சென்ட்ரல் லாக் இல்லாமல் வந்தது. அதை வாங்கினவர்களை அந்தக் காலத்தில் நாங்கள், ஃபுல் ஆப்ஷன்காரர்கள், கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்போம். அப்படி ஒரு வண்டி உடைப்புக்குப் போயிருந்தது. அதன் சாதாரண ரேக்கை மெக்கானிக் பத்து நாள் தேடி 3,500 ரூபாய்க்கு வாங்கிவந்தார். தண்டையும் பூட்டையும் சேர்த்தே மாற்றினார், அலைன்மென்ட் பார்த்தார். டயரில் காற்றை, வண்டிப் புத்தகத்தில் முழு பாரத்துக்கு எழுதியிருந்த அளவுக்கு ஏற்றச் சொன்னார். காற்று குறைந்தால் டயர் ரோட்டை அப்பிக்கொண்டு திரும்பவே திரும்பாது என்றார். எல்லாம் சேர்த்து 7,800. பம்ப், ஆயில் டேங்க், ஹோஸ்கள், பிராக்கெட், பழைய ரேக் எல்லாவற்றையும் ஒரு சிமெண்ட் சாக்கில் போட்டுக் கொடுத்தார். தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். அந்த அளவுக்கு வண்டி இளைத்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: ரோட்டில் ஓடும்போது வண்டி அருமையாக இருந்தது. இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் கனமே தெரியவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் புளியமரங்கள் இருந்த நாளில் வாங்கின வண்டி. இருபது வருடத்தில் முதல்முறையாக அதன் முன் டயர்கள் எங்கே இருக்கின்றன என்பது எனக்குத் தெரிந்தது. ஈர ரோட்டில் பிடிமானம் குறைந்தால் வளையம் லேசாகி விஷயத்தைச் சொல்லிவிடும். இதைத்தான் அந்த ரசிகர்கள் ரோடு ஃபீல் என்கிறார்களோ என்னவோ. பாதாளச் சாக்கடை மூடி எந்த ரோட்டில் எத்தனை அங்குலம் பள்ளம் என்று மாநகராட்சிக்கு நான் கணக்குக் கொடுக்கலாம். எல்லாம் மணிக்கட்டில் பதிவாகியிருக்கிறது.

நிறுத்தும்போதுதான் வினை. வண்டி நின்ற இடத்தில் அது ஆட்டுக்கல்லேதான். நாலு சுற்று இந்தப் பக்கம், நாலு சுற்று அந்தப் பக்கம். இரண்டு இட்லிக்கு மாவு ஆட்டின அயர்ச்சி ஒவ்வொரு பார்க்கிங்கிலும். பார்க்கிங் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் போவதை விட்டு, நேராகப் போய் நேராக வெளியே வருகிற இடமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். இதனால் எங்கள் குடும்பத்துக்கு ஹோட்டல் மாறியது, துணிக்கடை மாறியது, பிள்ளையார் கோயில்கூட மாறியது.

லாபமும் இருந்தது. கணக்கெழுதுகிறவன் அதையும் எழுத வேண்டும். என் மச்சினனுக்கு மாதம் இரண்டு முறை எங்கள் வண்டி தேவைப்படும். "மச்சான், ஒரு அரை நாள்" என்று வாங்கிப்போவான். டேங்க்கைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தருவான். ரேக் மாற்றிய பிறகு ஒரே முறை வாங்கிப்போனான். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றான் தோளைத் தேய்த்துக்கொண்டே. அதோடு சரி. இப்போது ஓலாவில் போகிறான். பெட்ரோல் கணக்கில் மட்டும் எனக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். முதலில் போட்ட 7,800 எட்டு மாதத்தில் வசூலாகிவிடும். இந்த லாபத்தைப் பற்றி லோட்டஸ் எலீஸ் ரசிகர்கள் யாரும் எழுதவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில், வண்டியை நிறுத்தித் தருகிற சீருடைப் பையன் சாவி வாங்கிக்கொண்டு போனான். நாங்கள் மொய் எழுதி, சாப்பிட்டு, பீடா போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, வண்டி வாசலிலேயே, இறங்கின இடத்திலேயே, குறுக்கே நின்றது. பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். பையன் பவ்யமாக வந்து, "சார், ஸ்டியரிங் லாக் எப்படிங்க எடுக்கிறது?" என்றான்.

இந்த நிலைமையில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். அவர் பொள்ளாச்சி–வால்பாறை ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஏற நாற்பது, இறங்க நாற்பது. அவர் வாழ்நாளில் ஒடித்த ஸ்டியரிங்கை நீட்டிவைத்தால் எங்கே போய் நிற்குமோ தெரியாது. ஒடி என்பது எங்கள் பக்கத்து டிரைவர்களின் பாஷை. திருப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லெஃப்ட் ஒடி, ஃபுல்லா ஒடி, ஒடிச்சு நேர் பண்ணு. அதன் நேரடிப் பொருளை எனக்கு உணர்த்தியது இந்த வண்டிதான்.

மாமா மெச்சுவார் என்று எதிர்பார்த்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்து வீரர் அல்லவா? பெருமையாகச் சாவியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"இருந்தத எதுக்கு மாப்ள கழட்டுனீங்க?"

"ரோடு ஃபீல் மாமா."

"ஏன், ரோடு இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?"

பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவராகவே சொன்னார். "எங்க பஸ்ஸுக்கு பவர் ஸ்டியரிங் வந்தப்ப எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு வருசம் பாக்கி. மொத நாளு ஓட்டறேன், வளையம் பஞ்சாட்டம் சுத்துது. கழண்டு போச்சாட்ட இருக்குதுன்னு பயந்து வண்டிய ஓரங்கட்டிட்டேன். கண்டக்டர் சிரிக்கறான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது இருபது வருசம் முன்னாடியே வந்திருந்தா இந்தத் தோளு இப்படி ஆயிருக்காது."

அவர் சட்டையைக் கழற்றும்போது வலதுகையை உயர்த்தாமல், இடதுகையால் பின்னாலிருந்து இழுத்துக் கழற்றுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பழைய ஆட்கள் அப்படித்தான் சட்டை கழற்றுவார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தார். அந்தத் தோளோடு எங்கள் சந்தில், பால்காரர் வண்டிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில், இரண்டு விரல் இடைவெளியில் ரிவர்ஸ் போட்டு நிறுத்தினார். முகத்தில் ஒரு சிரமமும் இல்லை. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டுத் தன் மகளைக் கூப்பிட்டார்.

"வா கண்ணு, உக்காரு. நின்ன வண்டில வளையத்த ஒடிக்கவே படாது. கட்டில் கால நின்ன இடத்துலயே திருகுனா தரைதான் தேயும். ஒரு சாண் உருளட்டும். கிளச்ச மெதுவா விட்டு, வண்டி அசையறப்பவே ஒடி. உருண்டா தானா ஒடியும். கட்டை விரல உள்ள விடாத, வளையத்து மேல வையி. பள்ளத்துல வுழுந்தா வளையம் திருப்பி அடிக்கும், விரல் போயிரும். இழுக்கறது கையில்ல, முதுகு."

நான் இருபது வருடம் ஓட்டியும், பத்து ராத்திரி படித்தும், பையில் ஒரு ரேக்கைச் சுமந்தும் தெரிந்துகொள்ளாததை அவள் கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டாள். இதில் வியக்க ஒன்றுமில்லை என்று பிறகு தோன்றியது. உலகத்தில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனதே ஒரு மனைவிதான். 1888இல் பெர்த்தா பென்ஸ், புருஷன் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வண்டியில் வளையம்கூட இல்லை. கையால் திருகுகிற ஒரு பிடிதான். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். கண்டுபிடித்தவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாமா ஊருக்குப் போன பிறகு, வண்டியை வீட்டுக்குள் விடுவதும் எடுப்பதும் அவள் பொறுப்பாயிற்று. ரோட்டில் நான் ஓட்டுவேன். இடம் வந்ததும், "எறங்குங்க" என்பாள். வாசல் கோலத்தில் இப்போது சிவப்புக் கரை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "ஏம்மா, இப்பெல்லாம் காவி இடறதில்லையா? நல்லா இருந்துச்சே" என்று கேட்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குப் போனோம். இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு சந்து. நானாக இருந்தால் பார்த்தும் பார்க்காததுபோல் மேட்டுப்பாளையம் ரோடு வரை போயிருப்பேன். "எறங்குங்க" என்றாள். இறங்கி, பின்னால் போய் நின்று, ஆண்பிள்ளைகளுக்கென்று விதிக்கப்பட்ட வேலையைத் தொடங்கினேன். கையை ஆட்டி ஆட்டி, "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட் ஒடி... இன்னும் கொஞ்சம் ஒடி..."

வண்டி ஒரு சாண் உருண்டது. டயர் சத்தமில்லாமல் ஒடிந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் பாதி வண்டி உள்ளே போய்விட்டது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"ஒடிக்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க அந்த ஸ்கூட்டரைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்க."

ஸ்கூட்டரில் ஹேண்டில் லாக் போட்டிருந்தது.